வாரக் கூட்டத்தில் தலைவரின் கவனம் ஏன் நழுவுகிறது?

அடுத்த ஆண்டின் சந்தையைப் பற்றியே யோசிக்கும் நிறுவனர், வாரக் கூட்டம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் போனை எடுத்துவிடுகிறார். அவருக்கு அக்கறை இல்லை என்று டீம் நினைக்கிறது. பெரும்பாலும் கோளாறு அஜெண்டாவின் வரிசையில்தான் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் ரேடார் பணியாளர்கள் திரையில் தெரியும் அடையாளங்களை ஏன் தவறவிடுகிறார்கள் என்று பிரிட்டனில் உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் ஆராய்ந்தார். எண்களே இல்லாத கடிகார முகப்பில் ஒரு முள் சீராகத் துள்ளும். எப்போதாவது ஒருமுறை இரட்டிப்பாகத் துள்ளும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். 1948இல் வெளியான முடிவுப்படி, முதல் அரை மணி நேரம் கடந்ததுமே தவறுகள் கூடின. ஐந்து துறைகளின் நிலவரத்தை வரிசையாகக் கேட்பதும் ஏறத்தாழ இதே வேலைதான். தான் முடிவெடுக்க வேண்டிய ஒரு செய்திக்காகத் தலைவர் நாற்பது நிமிடம் காத்திருக்கிறார்.

எனவே நிலவரத்தைச் சுருக்கிப் பிரச்சினைகளுக்கு நேரம் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் ஜீனோ விக்மன் வகுத்த, நிறுவனத்தை நடத்துவதற்கான இ.ஓ.எஸ். முறையில் 90 நிமிடக் கூட்டத்தின் 60 நிமிடம் பிரச்சினைகளுக்கே. எண்கள், காலாண்டு இலக்குகள், வாடிக்கையாளர் செய்திகள், போன வார வேலைகள் ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம்தான். அங்கே 'சரியாகப் போகிறது', 'போகவில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கூட்டம் கெடுவதும் இந்த இடத்தில்தான்: யாரோ "ஏன் குறைந்தது?" என்று கேட்பார், இருபது நிமிடம் போய்விடும். அந்தக் கேள்வியைப் பிரச்சினைப் பட்டியலில் எழுதிவிட்டு நகருங்கள்.

பட்டியலில் 'டெலிவரி தாமதம்' என்று மட்டும் எழுதினால் தலைவர் மனம் அதில் ஒட்டாது. 'மாலை ஆர்டர்களை அன்றே அனுப்புவதா, மறுநாளா? இப்படியே விட்டால் ஓராண்டில் எந்த வாடிக்கையாளர்களை இழப்போம்?' என்று எழுதுங்கள். முடிவும் நீண்டகால விளைவும் ஒன்றாகத் தெரிந்தால் அவர் தானாகவே உள்ளே வருவார்.

வந்த பிறகு வேறொரு ஆபத்து. எல்லோரும் ஏற்கெனவே அறிந்ததையே குழுக்கள் அதிகம் பேசுகின்றன, ஒருவருக்கு மட்டும் தெரிந்தது வெளியே வராமல் போகிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் ஸ்டாசரும் டைட்டஸும் 1985இல் காட்டினார்கள். தலைவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் இது இன்னும் மோசமாகும். எனவே இரண்டு நிமிடம் எல்லோரும் மௌனமாக எழுதட்டும். தலைவர் கடைசியில் பேசட்டும். முன்கூட்டி அனுப்பியதைப் படிக்காமல் வருபவரானால், அமேசானில் செய்வதுபோல் கூட்டத்தின் தொடக்கத்திலேயே அமைதியாகப் படிக்க நேரம் ஒதுக்குங்கள்.

நடுவில் அவருக்குப் புது யோசனை பிறக்கும். அதைத் தடுக்கவும் வேண்டாம், பின்தொடரவும் வேண்டாம். தனித்தாளில் குறித்து, அன்றாட நிர்வாகத்தைப் பார்ப்பவரும் அவரும் மட்டும் உட்காரும் மாதாந்திரச் சந்திப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்கே அது பேசப்படாவிட்டால், அடுத்த வாரம் கூட்டத்தின் நடுவே மறுபடி எழும்.

கடைசி 5 நிமிடத்தில் ஒவ்வொருவரும் கூட்டத்துக்கு 10க்கு மதிப்பெண் தரட்டும். 8க்குக் கீழே தருபவர் காரணம் சொல்ல வேண்டும். இதிலும் தலைவரின் எண் கடைசியில் வரட்டும்.