ஃபிலிபஸ்டர்: வேந்து விடாத முனைஞர்

அமெரிக்க செனட்டைப் பற்றிய செய்திகளில் 'ஃபிலிபஸ்டர்' என்ற சொல் அடிக்கடி தலைகாட்டும். நம் நாளிதழ்கள் அதை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டு, 'நீண்ட நேரம் பேசி மசோதாவை முடக்கும் உத்தி' என்று ஒரு வரி சேர்ப்பதுண்டு. விளக்கம் தவறில்லை. ஆனால் 1850இல் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் யாரையாவது நிறுத்தி இந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டிருந்தால், செனட் அவர் நினைவுக்கே வந்திருக்காது. துப்பாக்கியோடு கப்பலேறக் காத்திருக்கும் இளைஞர்களைக் கைகாட்டியிருப்பார்.

வேர் டச்சு மொழியில் இருக்கிறது. 'வ்ரெய்' என்றால் கட்டற்ற, 'பாய்ட்' என்றால் கொள்ளைப்பொருள். இரண்டும் சேர்ந்த 'வ்ரெய்பாய்ட்டர்', எவருக்கும் கட்டுப்படாமல் கொள்ளையடித்துத் திரிபவன். ஆங்கிலேயர் இதைத் துண்டு துண்டாகப் பெயர்த்து 'ஃப்ரீபூட்டர்' ஆக்கிக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர் வாயில் ரகரம் லகரமாகி, நடுவே ஒரு சகரமும் ஒட்டி, 'ஃப்ளிபுஸ்தியே' ஆனது. ஸ்பானியர் தொடக்கத்து மெய்களுக்கு இடையில் ஓர் இகரத்தைச் செருகி 'ஃபிலிபுஸ்தெரோ' என்றார்கள். 'த்ராக்ஷா'வைத் 'திராட்சை' ஆக்கிய நமக்கு இந்த இகரம் புதிதல்ல.

17ஆம் நூற்றாண்டில் கரீபியன் கடலில் ஸ்பெயினின் கப்பல்களையும் துறைமுகங்களையும் சூறையாடியவர்களுக்கு இந்தப் பெயர் நிலைத்தது. ஸ்பானியருக்கு அது வெறும் 'திருடன்' அல்ல. கடல் தாண்டி வந்து நம் ஆட்சியில் இருக்கும் நிலத்தில் கைவைப்பவன் என்ற அச்சமும் வெறுப்பும் அதில் கலந்திருந்தன. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு வட அமெரிக்காவிலிருந்து புதிய கூட்டம் ஒன்று கியூபாவில் வந்து இறங்கியபோது, ஸ்பானியர் புதுப்பெயர் தேடவில்லை. பழைய பெயரே பொருந்தியது.

அந்தக் கூட்டம் ஏன் வந்தது என்பதற்கு, உள்நாட்டுப் போருக்கு முந்திய அமெரிக்கா எப்படி வீங்கிக்கொண்டிருந்தது என்பதைப் பார்க்கவேண்டும். 1803இல் லூசியானா பிரான்சிடமிருந்து விலைக்கு வந்தது. 1845இல் டெக்சஸ் சேர்ந்தது. 1846இல் ஆரிகன் எல்லைச் சிக்கல் பிரிட்டனோடு பேசித் தீர்ந்தது. 1848இல் மெக்சிகோ போரில் தோற்றுத் தன் நிலத்தில் ஏறத்தாழப் பாதியை விட்டுக்கொடுத்தது. கண்டம் முழுவதும் பரவுவது தங்களுக்குக் கடவுள் கண்கூடாக வகுத்துவிட்ட விதி என்ற புகழ்பெற்ற சொற்றொடரை ஜான் ஓ'சல்லிவன் என்ற பத்திரிகையாசிரியர் 1845இல் எழுதினார். அரசே இந்த வேகத்தில் நிலம் சேர்க்கும்போது, நாமே போய்ப் பிடித்தால் என்ன என்ற எண்ணம் சிலருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

தென் மாநிலங்களுக்கு அதில் தனிக் கணக்கு இருந்தது. 1850இல் கலிஃபோர்னியா அடிமைமுறை இல்லாத மாநிலமாகச் சேர்ந்ததும், செனட்டில் இரு தரப்புக்கும் இருந்த சமநிலை குலைந்தது. இழந்ததை ஈடுகட்ட வெப்பமண்டலத்தில் புதிய நிலம் வேண்டும். அடிமைகளை வைத்துக் கரும்பு விளைவித்துவந்த ஸ்பானியக் கியூபா, ஃபுளோரிடாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடந்தது.

முதலில் புறப்பட்டவர் நார்சிஸோ லோபெஸ். வெனிசுவேலாவில் பிறந்து, ஸ்பானியப் படையில் உயர்ந்து, பிறகு அதற்கு எதிராகவே சதி செய்து 1848இல் அமெரிக்காவுக்குத் தப்பி வந்தவர். 1850 மே மாதம் சுமார் 600 பேரோடு கார்டெனாஸ் நகரில் இறங்கினார். உள்ளூர் மக்கள் சேர்ந்துகொள்ளவில்லை, ஒரே நாளில் திரும்பினார். 1851இல் மீண்டும் போனார், பிடிபட்டார். செப்டம்பர் 1 அன்று ஹவானாவில் பொதுமக்கள் பார்க்கக் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். கார்டெனாஸில் அவர் ஏற்றிய ஒற்றை நட்சத்திரக் கொடிதான் இன்று கியூபாவின் தேசியக் கொடி. வெளியிலிருந்து வந்த படையெடுப்பாளரின் கொடி விடுதலைபெற்ற நாட்டின் கொடியான இந்த விந்தைக்குத் தனிக்கட்டுரையே எழுதலாம். ஓ'சல்லிவனும் சும்மா இருக்கவில்லை. கியூபாமீதான படையெடுப்புக்கு உதவியதாக நியூயார்க்கில் அவர்மேல் வழக்கு நடந்தது. விதியைப் பற்றி எழுதியவர் அதற்குக் கப்பலும் ஏற்பாடு செய்யப் பார்த்தார் என்பது குற்றச்சாட்டு.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை. அமெரிக்கா அமைதி உறவு வைத்திருக்கும் நாட்டின்மீது அமெரிக்க மண்ணிலிருந்து தனியார் படையெடுப்பதை 1818ஆம் ஆண்டின் நடுநிலைச் சட்டம் குற்றமாக்கியிருந்தது. மூன்று ஆண்டுவரை சிறை, 3,000 டாலர்வரை அபராதம். ஏட்டில் கடுமைதான். ஆனால் தீர்ப்பளிக்க உட்கார்ந்த ஜூரிகளும் அதே ஊர்க்காரர்கள். வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன.

அப்படி உதிர்ந்த வழக்கு ஒன்றில் நின்றவர்தான் இந்தச் சொல்லின் முழு உருவம் என்று சொல்லத்தக்க வில்லியம் வாக்கர். 1824இல் நாஷ்வில்லில் பிறந்தார். மருத்துவம் படித்தார், சட்டம் படித்தார், பத்திரிகை நடத்தினார். எதிலும் நிலைக்கவில்லை. குள்ளமான உருவம், மெல்லிய குரல். ரசிகர்கள் அவருக்குச் சூட்டிய பட்டமோ 'விதியின் மனிதர்'. 1853இல் சில டஜன் ஆட்களோடு மெக்சிகோவின் லா பாஸ் நகரில் இறங்கித் தன்னைக் குடியரசுத் தலைவராக அறிவித்துக்கொண்டார். காலடிகூட வைக்காத சோனோராவையும் அந்தக் குடியரசில் காகிதத்திலேயே சேர்த்துக்கொண்டார். சில மாதங்களில் பசியோடு எல்லைக்கு ஓடிவந்து சரணடைந்தார். சான் பிரான்சிஸ்கோ ஜூரிக்கு அவரை விடுதலை செய்ய எட்டு நிமிடமே தேவைப்பட்டது.

அடுத்தது நிகராகுவா. கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தபின், நியூயார்க்கிலிருந்து மேற்குக் கரைக்குப் போக நிகராகுவாவின் ஆறும் ஏரியும் நல்ல குறுக்குவழி. அங்கே இரண்டு கட்சிகள் உள்நாட்டுச் சண்டையில் இருந்தன. லியோன் நகரத்துக் கட்சி வாக்கரைக் கூலிப்படைத் தலைவராக அழைத்தது. 1855இல் சுமார் 60 பேரோடு போனார், எதிர்க்கட்சியின் தலைநகரான கிரனாடாவைப் பிடித்தார், 1856 ஜூலையில் தானே அதிபராகப் பதவியேற்றார். செப்டம்பரில், மத்திய அமெரிக்காவில் 1824இலேயே ஒழிந்த அடிமைமுறைக்கு மீண்டும் வழிதிறக்கும் ஆணையை வெளியிட்டார். உதவிக்கு அழைத்த லியோன் கட்சியே கைபிசைந்து நின்றது. ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் இடம் கொடுத்த கதைதான்.

மத்திய அமெரிக்க நாடுகள் ஒன்று சேர்ந்து அவரை விரட்டின. பயணப் பாதையின் உரிமையை அவரால் இழந்த கப்பல் முதலாளி வாண்டர்பில்ட்டும் எதிர்ப்பக்கம் நின்றார். கிரனாடாவைக் கைவிட நேர்ந்தபோது வாக்கரின் ஆட்கள் நகரையே கொளுத்தி, 'இங்கே கிரனாடா இருந்தது' என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். 1857 மே மாதம் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவரிடம் வாக்கர் சரணடைந்தார். தாய்நாட்டில் மாலை மரியாதை. ஆனாலும் ஆசை அடங்கவில்லை. 1860 செப்டம்பர் 12 அன்று ஹோண்டுராஸின் ட்ருஹீயோ நகரில் துப்பாக்கி முனையில் அவர் கதை முடிந்தது, 36 வயதில். அடுத்த ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. தென்மாநிலங்களின் துப்பாக்கிகளுக்கு வீட்டிலேயே வேலை வந்துவிட்டது.

சரி, இந்தச் சொல் செனட்டுக்குள் எப்படி நுழைந்தது? முதலில் நுழைந்தது செனட்டுக்குள் அல்ல, பிரதிநிதிகள் சபைக்குள். 1853 ஜனவரியில் கியூபாவைப் பற்றிய விவாதம். வட கரோலினாவின் ஏப்ரகாம் வெனபிள் ஜனநாயகக் கட்சிக்காரர்தான். இருந்தும் எழுந்து, இந்தப் படையெடுப்புகளைக் கண்டித்தார். அதே கட்சியைச் சேர்ந்த மிசிசிப்பியின் ஆல்பர்ட் பிரவுனுக்குப் பொறுக்கவில்லை. நண்பர் அவையின் எதிர்ப்பக்கம் போய் நின்று அமெரிக்காவுக்கு எதிராகவே ஃபிலிபஸ்டர் செய்கிறார் என்று குத்திக்காட்டினார். கவனியுங்கள், இங்கே நேரம் கடத்துதல் இல்லை, மணிக்கணக்கான பேச்சும் இல்லை. எல்லை தாண்டி எதிரியின் பக்கத்தில் நின்று தாக்குதல், அவ்வளவுதான். ஏளனமாகச் சொன்ன உவமை அவை வழக்கில் ஒட்டிக்கொண்டது. சிறுபான்மைத் தரப்பு தன்னிச்சையாகச் சபையின் அலுவலைக் கடத்திக்கொண்டு போவதற்கு, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இதுவே பெயர் ஆகிவிட்டது.

உத்தி, சொல்லுக்கு முந்தியது. விவாதத்தை நிறுத்தி வாக்கெடுப்புக்கு விடும் விதியை செனட் 1806இல் கைவிட்டிருந்தது. 1841இல் ஹென்றி கிளேயின் வங்கி மசோதாவை எதிர்த்தவர்கள் அந்த ஓட்டையைப் பயன்படுத்தி நாள்கணக்கில் பேசினார்கள். 1917இல் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்தால் விவாதத்தை முடிக்கலாம் என்று விதி வந்தது. 1975இல் அது 60 வாக்குகளாகக் குறைந்தது. இடையில் 1957இல் குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்துத் தென் கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மாண்ட் 24 மணி 18 நிமிடம் நின்று பேசினார். அடிமைமுறைக்கு நிலம் தேடிப் போனவர்களின் பெயர், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கு முட்டுக்கட்டை போட்ட பேச்சுக்கு வந்து அமர்ந்ததில் யாரும் திட்டமிட்ட பொருத்தம் ஏதுமில்லை. ஆனால் பொருந்துகிறது.

இனித் தமிழுக்கு வருவோம். அவைப் பொருளுக்கு 'நெடும்பேச்சு' என்று சிலர் சொல்லலாம். நான் ஏற்கமாட்டேன். இன்றைய செனட்டில் ஒருவர் வாய்திறக்க வேண்டியதே இல்லை. மசோதாவை ஆதரிப்பவர்களுக்கு 60 வாக்கு கிடைக்காது என்று தெரிந்தாலே மசோதா கிடப்பில் விழுந்துவிடும். 'அவை முடக்கம்' என்றால் நமக்கு அமளியும் ஒத்திவைப்பும்தான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது வேறு. அவை அமைதியாக நடந்துகொண்டிருக்க, வாக்கெடுப்பு மட்டும் வராமல் நிற்கிறது. ஆகவே 'வாக்கெடுப்பு முடக்கம்' என்பதே சரி. நம் சட்டமன்றத்தில் எதை எத்தனை நாள் பேசுவது என்பதை அலுவல் ஆய்வுக் குழு முன்னதாகவே வகுத்துவிடுவதால், இப்படியொரு பழக்கம் இங்கே வேர்விடவில்லை. பழக்கம் இல்லாத இடத்தில் சொல்லும் பிறக்கவில்லை.

பழைய பொருளுக்கு நிலைமை தலைகீழ். சொல் நம்மிடம் எப்போதோ இருக்கிறது. வெட்சித் திணையைத் தொல்காப்பியம் 'வேந்துவிடு முனைஞர் வேற்றுப்புலக் களவின்' என்று தொடங்கும் நூற்பாவில் வரையறுக்கிறது. வேந்தன் ஏவ, முனையில் இருக்கும் மறவர் அயல்நிலம் புகுந்து ஆநிரை கவர்வது வெட்சி. ஏவாமல் தாமே போனால்? பன்னிரு படலம் என்ற புறத்திணை இலக்கண நூல் அதையும் சேர்த்துக்கொண்டு தன்னுறு தொழில், வேந்துறு தொழில் என்று இரண்டாக்கியது. புறப்பொருள் வெண்பாமாலையும் மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என்று பிரித்தது. உரையாசிரியர் இளம்பூரணர் இதை ஏற்கவில்லை. வேந்து விடுவதே இலக்கணம் என்று சொன்ன தொல்காப்பியர், சிலர் சொல்வதுபோல, பன்னிரு படலத்தில் அந்த வெட்சிப் படலத்தை எழுதியிருக்க முடியாது என்று வாதிட்டார். வாஷிங்டனில் 1850களில் நடந்ததும் கிட்டத்தட்ட இதே வழக்குதான்: அரசு அனுப்பாதவன் செய்வது போரா, கொள்ளையா?

ஆகவே லோபெஸையும் வாக்கரையும் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் 'கொள்ளையர்' என்று முடித்துவிட வேண்டாம். அவர்கள் பொருளுக்காக மட்டும் போகவில்லை, ஆளப் போனார்கள். 'கூலிப்படை'யும் சரிவராது, கூலிக்கு அழைக்கப்பட்ட வாக்கரே கடைசியில் தனக்காகத்தான் ஆட்சியைப் பிடித்தார். 'தன்னுறு படையெடுப்பு' என்று செயலையும், 'தன்னுறு படையினர்' என்று ஆட்களையும் சொல்லலாம். 'வேந்து விடா முனைஞர்' என்பது தலைப்புக்கு அழகு, செய்திக்குக் கனம் அதிகம்.

வெட்சி என்றால் அதை மறிக்கும் கரந்தையும் உண்டு, அதில் விழுந்தவனுக்கு நடுகல்லும் உண்டு. 1856 ஏப்ரல் 11 அன்று நிகராகுவாவின் ரீவாஸ் நகரில் வாக்கரின் ஆட்கள் பதுங்கியிருந்த கட்டடத்துக்குத் தீ வைக்கப் போய் உயிர்விட்ட ஹுவான் சாந்தாமரியா என்ற கோஸ்டா ரிக்காவின் ஏழை முரசுப் பையனுக்கு, அவன் சொந்த ஊரான அலஹுவேலாவில் 1891இல் சிலை வைத்தார்கள். கையில் தீப்பந்தம். அந்த நாள் அங்கே தேசிய விடுமுறை. பள்ளிப் பிள்ளைகள் அன்று 'ஃபிலிபுஸ்தெரோ' என்று சொல்லும்போது, அவர்கள் மனத்தில் எழுவது செனட்டர் எவரும் அல்லர்.