முள் அசையாவிட்டாலும் முடுக்கம் உண்டு: தொப்பூர் இறக்கத்தில் ஒரு இயற்பியல் பாடம்

ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் முடுக்கம் என்றால் என்ன என்று கேட்டால், "திசைவேகம் மாறும் வீதம்" என்று உடனே சொல்லிவிடுவார். சீராக 60 கி.மீ. வேகத்தில் வளைவில் திரும்பும் பஸ்ஸுக்கு முடுக்கம் உண்டா என்று கேட்டால், "வேகம்தான் மாறவில்லையே, எப்படி இருக்கும்?" என்பார். வரையறை தெரிகிறது, அதில் 'திசை' எதற்கு இருக்கிறது என்பது பிடிபடவில்லை. தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகள் நாளை லைசென்ஸ் எடுத்து, தொப்பூர் கணவாய் வழியாகச் சேலத்துக்கு வண்டி ஓட்டப்போகிறவர்கள். இந்தக் குழப்பத்தைத் தேர்வில் போகும் இரண்டு மதிப்பெண்ணோடு விட்டுவிட முடியாது.

முதலில் அலகு, ஏனென்றால் கணக்குகள் பெரும்பாலும் இங்கேதான் கவிழ்கின்றன. கி.மீ./மணியை 5/18-ஆல் பெருக்கினால் மீ/வி. 36 என்றால் 10, 54 என்றால் 15, 72 என்றால் 20, 90 என்றால் 25. இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு வண்டி 10 விநாடியில் 36-லிருந்து 72 கி.மீ. வேகத்துக்கு வருகிறது. அலகை மாற்றாமல் கழித்து வகுத்தால் 3.6 வரும், சரியான விடை 1 மீ/வி². 3.6 மீ/வி² என்பது பஸ்ஸில் நிற்பவர் கம்பியைப் பிடிக்காவிட்டால் தடுமாறி விழும் அளவு. விடையை அப்படி ஒருமுறை உடம்போடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழக்கினாலே தவறு கண்ணில் படும்.

சராசரி வேகத்திலும் ஒரு பொறி உண்டு. 120 கி.மீ. தூரத்துக்குப் போகும்போது 60, திரும்பும்போது 40 கி.மீ. வேகம். சராசரி 50 அல்ல, 48. போக 2 மணி, வர 3 மணி. 240-ஐ 5-ஆல் வகுக்க வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டதால் இடப்பெயர்ச்சி சுழி, ஆகவே சராசரித் திசைவேகமும் சுழி.

முடுக்கத்தைக் கண்ணால் காட்ட 30 செ.மீ. நூலும் ஒரு இரும்பு நட்டும் போதும். ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்தபடி நூலின் நுனியைப் பிடித்து நட்டைத் தொங்கவிடச் சொல்லுங்கள். சமதளச் சாலையில் பஸ் எத்தனை வேகத்தில் போனாலும், வேகமும் திசையும் மாறாதவரை நட்டு நேராகத்தான் தொங்கும். 1 மீ/வி² முடுக்கத்தில் கிளம்பினால் நட்டு சுமார் 3 செ.மீ. பின்னால் போகும்; 2 மீ/வி² என்றால் 6 செ.மீ. பிரேக் பிடித்தால் முன்னால் வரும். அடுத்தது வளைவு. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 36 கி.மீ. வேகத்தில் திரும்பும்போது ஸ்பீடோமீட்டர் முள் அசையாது, ஆனால் நட்டு வளைவின் வெளிப்பக்கமாக 6 செ.மீ. விலகி நிற்கும். திசைவேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்தால் வருவதும் அதே 2 மீ/வி²தான். "வேகம் மாறவில்லையே" என்ற மாணவர் இதைப் பார்த்த பிறகு மறுபடி அப்படிச் சொல்லமாட்டார்.

இனி தொப்பூர். தருமபுரியிலிருந்து சேலம் போகும் திசையில் நீண்ட இறக்கம். டீசல் மிச்சமாகும் என்று சிலர் நியூட்ரலில் விடுகிறார்கள். 20 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவு என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு தரும் முடுக்கம் 9.8/20, அதாவது 0.49 மீ/வி². டயர் உராய்வுக்குக் கொஞ்சம் கழித்தால் 0.4. கேட்கச் சின்ன எண். 36 கி.மீ. வேகத்தில் நுழையும் லாரிக்கு, காற்றுத் தடையை விட்டுவிட்டுப் போட்டுப் பாருங்கள்: 500 மீட்டர் தாண்டும்போது v² = 100 + 2 × 0.4 × 500 = 500. அதாவது விநாடிக்கு 22 மீட்டருக்கும் மேல், மணிக்கு 80 கி.மீ. ஆன நேரம் அரை நிமிடம்.

ஓட்டுநருக்கு இது ஏன் உறைப்பதில்லை? நம் நட்டே பதில் சொல்லும். ஆக்சிலேட்டரை மிதித்து வேகம் கூட்டினால் நட்டு பின்னால் போகும், முதுகு சீட்டில் அழுந்தும். சரிவில் தானாக உருளும் வண்டியில் நட்டு ஏறக்குறைய வண்டித் தரைக்குச் செங்குத்தாகவே தொங்கும். வண்டியை இழுக்கும் அதே புவியீர்ப்பு நட்டையும் ஓட்டுநரையும் சேர்த்தே இழுக்கிறது. ஆகவே உள்ளே இருப்பவருக்குச் சமதளத்தில் சீராகப் போவது போலவே இருக்கும். உடம்பை நம்பினால் ஏமாந்துபோவோம். 5 விநாடிக்கு முள் 7 கி.மீ. ஏறினால் 0.4 மீ/வி² முடுக்கம் இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே முள் எங்கே நிற்கிறது என்பதோடு எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அந்த வேகத்தோடு வளைவு வந்தால்? 75 மீட்டர் ஆர வளைவில் 36 கி.மீ. வேகத்துக்கு முடுக்கம் 1.3, 54-க்கு 3, 72-க்கு 5.3 மீ/வி². உயரமாகப் பாரம் ஏற்றிய லாரி 3.5 முதல் 4 மீ/வி² அளவிலேயே சாயும் நிலைக்கு வந்துவிடலாம். வேகம் இருமடங்கானால் இந்த முடுக்கம் நான்கு மடங்காகும், பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரமும் அப்படியே. 4 மீ/வி² எதிர் முடுக்கத்தில் 36 கி.மீ. வேக வண்டி நிற்க 12.5 மீட்டர், 72-க்கு 50 மீட்டர். கால் பிரேக்குக்குப் போகும் ஒரு விநாடியில் ஓடிவிடும் 10 அல்லது 20 மீட்டர் இதில் சேரவில்லை. தொடர்ந்து மிதித்ததில் டிரம் சூடேறி பிரேக் வலுவிழந்து, கிடைப்பது 1.5 மீ/வி² மட்டும் என்றால், அதிலும் சரிவு 0.5-ஐப் பிடுங்கிக்கொள்ளும். மிச்சம் 1. அப்போது 72 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 200 மீட்டர் வேண்டும்.

அதனால்தான் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, அந்த மேட்டை ஏற எந்த கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குகிறார்கள். இன்ஜின் தரும் இழுவை அந்த 0.4-ஐச் சுழிக்குக் கொண்டுவந்துவிட்டால் வேகம் 30-லேயே நிற்கும், பிரேக்கும் வளைவுக்காகச் சூடேறாமல் காத்திருக்கும். இன்ஜினையே அணைத்துவிட்டு உருட்டினால் இந்த இழுவை போவதோடு, காற்று பிரேக்குக்குக் காற்றடைக்கும் கம்ப்ரசரும் நின்றுவிடும். பவர் ஸ்டியரிங்கும் இறுகும்.