டயமண்டுக்கு இன்னும் 34 மேட்ச்

சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டு மணி தாண்டியிருக்கும். காரைக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில், ஆத்தங்குடிக் கல் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஆச்சி (எங்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மகன் போனில் சுட்டுக்கொண்டிருந்தான். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. ஆச்சி என்னிடம் வந்து, "தம்பி, நீ செய்யிற வேலைதானே இது? நீயே அவன்கிட்ட சொல்லு" என்றார்.

அந்த வார்த்தை தைத்தது. துப்பாக்கிச் சண்டை கேம்களுக்கு ரேங்க், லெவல், சீசன் இவற்றையெல்லாம் வடிவமைப்பதுதான் பத்து வருடமாக என் பிழைப்பு. அவன் விழித்திருப்பதற்கான காரணம் எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

"டயமண்ட் போயிரணும் அம்மான். இன்னும் நூறு பாயிண்ட்தான்" என்றான். டயமண்ட் என்பது அந்த கேமில் ஒரு ரேங்க்.

"ஜெயிச்சா எவ்வளவு ஏறுது? தோத்தா எவ்வளவு இறங்குது?"

"ஜெயிச்சா 22, தோத்தா 16."

ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் ஆட்டம் அது. கடைசி நாற்பது மேட்சைப் பார்த்தோம். கிட்டத்தட்டப் பாதி வெற்றி, பாதி தோல்வி. கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். ஒரு வெற்றி, ஒரு தோல்வி சேர்ந்தால் மிச்சம் 6. அப்படியானால் மேட்சுக்கு 3. நூறு சேர 34 மேட்ச். ஒன்றுக்கு 25 நிமிஷம் என்றால் பதினான்கு மணி நேரத்துக்கு மேல்.

தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லா ஆடினா சீக்கிரம் போகலாம்ல?"

"கொஞ்ச நாள் போகலாம். அதுக்குள்ள உன்னை மாதிரியே நல்லா ஆடுறவங்களோட கோத்து விட்ரும். மறுபடியும் பாதிக்குப் பாதிதான்."

பிள்ளைகளும் பெற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த இடம்தான். ரேங்க் உள்ள பல கேம்களில் இரண்டு கணக்கு ஓடுகிறது. ஒன்று உள்ளே மறைந்திருக்கும் திறமைக் கணக்கு. இதன் வேர் சதுரங்கம். அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பட் ஈலோ உருவாக்கிய முறையை அந்நாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-இலும், உலக அமைப்பான ஃபிடே 1970-இலும் ஏற்றன. 200 புள்ளி அதிகம் உள்ளவர் நான்கில் மூன்று பங்கு ஜெயிப்பார், 400 அதிகம் என்றால் பதினொன்றில் பத்து என்று அது எதிர்பார்க்கும். எதிர்பார்த்தது நடந்தால் புள்ளி கொஞ்சமாக நகரும், எதிர்பாராதது நடந்தால் நிறைய நகரும். சமமானவர்களை மோதவிடுவதுதான் இந்தக் கணக்கின் வேலை. அது ஒழுங்காக வேலை செய்தால் நீங்கள் பாதி ஆட்டம் தோற்பீர்கள். அதில் கோளாறு ஒன்றும் இல்லை.

ஆனால் பாதிக்குப் பாதி தோற்றுக்கொண்டு ஒரே இடத்தில் நிற்பவர் நாளைக்குத் திரும்பி வருவாரா என்ற பயம் எங்கள் தொழிலில் எப்போதும் உண்டு. அதனால்தான் இரண்டாவது கணக்கு: கண்ணுக்குத் தெரியும் வெண்கலம், வெள்ளி, தங்கம், டயமண்ட். ஜெயித்தால் 22, தோற்றால் 16 என்று வைத்த அந்த ஆறு புள்ளி வித்தியாசம் திறமைக்குக் கிடைத்த கூலி கிடையாது. உட்கார்ந்திருந்த நேரத்துக்குக் கிடைத்த கூலி. இப்படி எல்லாரும் மேலே ஏறிக்கொண்டே போனால் உச்சியில் கூட்டம் சேரும். அதனால் சீசன் என்கிற அந்தக் காலச் சுற்று முடிந்ததும் எல்லாரையும் கீழே இறக்கிவிடுவோம்.

ஒரு ராத்திரி ஆட்டத்தை வைத்துத் திறமையை அளக்கவும் முடியாது. மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடம் உருவாக்கிய ட்ரூஸ்கில் முறையில், ஒருவருக்கு ஒருவர் மோதினால் ஆளின் தரத்தைக் கண்டுகொள்ள ஏறத்தாழ 12 ஆட்டம் வேண்டும். நால்வர் அணிகள் இரண்டு மோதினால் 46 ஆகும். எண்மர் அணி என்றால் 91. கூட ஆடுபவன் சொதப்பியது, நெட் விட்டுப்போனது எல்லாம் உங்கள் கணக்கில்தான் விழும். மூன்று மேட்ச் தொடர்ந்து தோற்றதும் "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று கண் கலங்கும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று மேட்ச் அவர்களைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். ஆரம்ப காலத்தில் ஒரு கேமுக்கு, ஏழு நாள் வராதவர்களுக்குத் தினமும் ரேங்க் புள்ளி கரையும்படி விதி எழுதினேன். திறமை துருப்பிடிக்கும், ரேங்க் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது நான் கூறிய காரணம். சில வாரம் கழித்து ஆட்டக்காரர் ஒருவரின் கடிதம் வந்தது. அப்பத்தா தவறிவிட்டார், பதினாறாம் நாள் காரியம் முடித்துத் திரும்பினேன், ஆடாமலே தோற்றிருக்கிறேன் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதம் இன்றும் என்னிடம் இருக்கிறது. கிடைத்ததன் மகிழ்ச்சியைவிட இழந்ததன் வலி பெரிது என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வர்ஸ்கியும் 1979-இலேயே எழுதிவிட்டார்கள். நான் எழுதிய விதி அந்த வலியைத்தான் கயிறாகத் திரித்து வைத்திருந்தது.

நேர்மையான வழி அப்போதே இருந்தது. புள்ளியியலாளர் மார்க் கிளிக்மன் வகுத்த கிளிக்கோ என்ற திறமைக் கணக்கு முறையில், நாள்பட ஆடாதவரின் புள்ளி குறையாது. அந்தப் புள்ளியின் மேல் உள்ள சந்தேகம் மட்டும் கூடும். திரும்பி வந்ததும் சில ஆட்டத்தில் சரியான இடம் தெரிந்துவிடும். போராடி, புள்ளி கரையும் என் விதியை நீக்க வைத்தேன். அதற்குள் எத்தனை பேர் எத்தனை காரியத்தை விட்டுவிட்டு வந்து ஆடினார்களோ.

என் கொள்ளுத்தாத்தா பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையின் கடைநிலை வேலையாளாக, கப்பலேறியவர். பிறகு அடுத்தாள் (உதவியாளர்), அதற்கும் பிறகு மேலாள் (கடைப் பொறுப்பாளர்). அதுவும் லெவல் ஏற்றம்தான். மூன்று வருடக் கணக்கு முடிந்தால் பேரேட்டை ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வருவார். அடுத்தாளாக உயர்ந்தவரை, ஊரில் சும்மா இருந்தார் என்பதற்காக மறுபடி பெட்டியடிப் பையனாக இறக்கியதாக வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் வடிவமைக்கும் ரேங்கிலும் அந்தக் கணக்கு முடிகிற இடம் வேண்டும் என்றுதான் ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை போடுகிறேன். சில சமயம் ஜெயிக்கிறேன்.

பெற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேட்ச் நடுவில் போனைப் பிடுங்காதீர்கள். நடுவில் விட்டுப்போனால் புள்ளி வெட்டு விழலாம், கூட இருக்கும் நான்கு பேரும் அவனைத் திட்டுவார்கள். அந்தக் கோபம் உங்கள் மேல் திரும்பும். "அரை மணி நேரம்" என்ற கெடுவும் வேலைக்காகாது. இரண்டாவது மேட்ச் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அது முடிந்து நிற்கும். இத்தனை மேட்ச் என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள். தூக்கம், சாப்பாடு, படிப்பு எல்லாம் கெட்டும் நிறுத்த முடியாமல் மாதக்கணக்கில் தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறையில் வைத்திருக்கும் நோய்ப் பட்டியலில் இதற்கும் இடம் உண்டு.

அன்றைக்கு அவன் உடனே போனை வைக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த மேட்சை முடித்தான், தோற்றான், 16 போனது. "இப்ப 39 ஆயிருச்சு அம்மான்" என்று அவனே கணக்குச் சொல்லிவிட்டு, காலண்டர் தாளை மடித்துக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்தான்.