பெயர் எங்கே இருந்தது?

வங்கிச் செயலிகளில் ஒருவர் இன்னொருவருக்குப் பணம் அனுப்பும் பகுதியை வடிவமைப்பது என் வேலை. ஒரு சோதனையில் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்மணியிடம் சோதனைப் போனைக் கொடுத்து, ஒரு கணக்கு எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னோம். எண்ணை அடித்தார், தொகையை அடித்தார். உறுதிசெய்யும் திரை வந்ததும் விரல் நேராகப் பொத்தானுக்குப் போய்விட்டது. "யாருக்கு அனுப்பினீங்க?" என்று கேட்டேன். குனிந்து போனைப் பார்த்தார். அதற்குள் திரை மாறிவிட்டது.

பெயர் அந்தத் திரையில் இருந்தது. சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில், கணக்கு எண்ணுக்கும் கீழே நாங்கள்தான் அதைப் போட்டிருந்தோம். அவர் மேல் ஒரு தவறும் இல்லை. அதற்குப் பிறகு பெயரை எல்லாவற்றுக்கும் மேலே, தொகைக்குச் சமமான அளவில் வைத்தோம். வெறுமனே "உறுதிசெய்" என்றிருந்த பொத்தானில், இன்னாருக்கு இவ்வளவு அனுப்பு என்று முழுசாக எழுதினோம்.

அந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் முக்கியம். அனுப்புபவர் அடித்த பெயரையே திருப்பிக் காட்டினால் அதில் பாதுகாப்பு எதுவும் இல்லை. பெறுபவரின் வங்கிப் பதிவில் உள்ள பெயராக அது இருக்க வேண்டும். ஐரோப்பாவில் புழங்கும் ஐபான் கணக்கு எண்ணில் சரிபார்ப்பு இலக்கங்கள் உண்டு. ஓர் இலக்கம் மாறினால் செயலி உடனே பிடித்துவிடும். ஆனால் மோசடிக்காரர் கொடுக்கும் எண்ணில் எழுத்துப்பிழை இருக்காதே! பிரிட்டனின் பெரிய வங்கிகள் 2020-இல் பெயர்ச் சரிபார்ப்பைக் கொண்டுவந்ததும், யூரோ நாடுகளில் 2025 அக்டோபர் 9 முதல் அது கட்டாயமானதும் இதனால்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எந்த எண்ணை அடித்தாலும் பெயர் வரும் என்றால், எண்களை வரிசையாக அடித்துப் பார்த்து ஊரார் பெயரையெல்லாம் சேகரித்துவிடலாம். அதனால் அனுப்புபவர் எண்ணோடு பெயரையும் அடிக்கட்டும். அது ஏறக்குறையப் பொருந்தினால் உண்மைப் பெயரைக் காட்டலாம். சுத்தமாகப் பொருந்தாவிட்டால், பொருந்தவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரே போனிலிருந்து இத்தனை முறைதான் தேடலாம் என்று வரம்பும் வேண்டும்.

அடுத்தது ஓடிபி. ஆறு இலக்கம் சரியாக இருந்தால் போதும் என்று நம்பும் செயலியை ஏமாற்றுவது சுலபம். பயனர் ஒரு கணக்கைப் பார்த்து ஒப்புதல் தருவார். போனில் புகுந்த தீய நிரல் சர்வருக்கு வேறு கணக்கை அனுப்பிவிடும். அந்த ஆறு இலக்கம் இரண்டுக்கும் செல்லுபடியாகும். ஐரோப்பிய விதிகள் 2019 செப்டம்பரிலிருந்தே, ஒப்புதல் குறியீடு அந்தத் தொகைக்கும் அந்தப் பெறுநருக்கும் மட்டுமே பொருந்த வேண்டும் என்கின்றன. போனின் பாதுகாப்புச் சிப்பில் உள்ள ரகசியச் சாவியால் பெறுநர், தொகை இரண்டையும் சேர்த்துச் செயலி மின்கையொப்பமிட வேண்டும், சர்வர் அதைச் சரிபார்க்க வேண்டும். நான் இந்த வழியையே பரிந்துரைக்கிறேன். எஸ்எம்எஸ் ஓடிபியை நம்பியிருந்தால், உங்கள் எண்ணுக்கு மாற்று சிம் வாங்கிக்கொண்டவன் கையில் எல்லாம் போய்விடும்.

இரட்டைப் பற்று பற்றியும் ஒரு வார்த்தை. நெட்வொர்க் தடுமாறுகிறது, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பயனர் மறுபடி அழுத்துகிறார், பணம் இரண்டு முறை போகிறது. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி அடையாள எண் கொடுத்திருந்தும் எங்களிடம் இது நடந்தது. பொத்தானை அழுத்தும்போது அந்த எண்ணை உருவாக்கியதுதான் காரணம்: இரண்டு அழுத்தல், இரண்டு எண், சர்வருக்கு இரண்டும் புதியவை. உறுதிசெய்யும் திரை திறக்கும்போதே எண்ணை உருவாக்கினோம். பிரச்சினை தீர்ந்தது.

இவ்வளவும் செய்த பிறகும் என்னைத் தூங்கவிடாத ஒன்று இருக்கிறது: கணக்கின் சொந்தக்காரரே, சரியான ரகசிய எண்ணோடு, தன் கையாலேயே மோசடிக்காரருக்கு அனுப்புவது. மறுமுனையில் ஒருவர் போலீஸ் என்றோ வங்கி அதிகாரி என்றோ சொல்லி, "சீக்கிரம் அனுப்புங்க" என்று அவசரப்படுத்திக்கொண்டிருப்பார். "மோசடிகளிடம் கவனமாக இருங்கள்" என்ற பொது எச்சரிக்கையை அப்போது யாரும் படிப்பதில்லை. எதற்காக அனுப்புகிறீர்கள் என்று கேட்டு, பதிலுக்கு ஏற்ற எச்சரிக்கையைக் காட்டினால் சிலராவது நிற்கிறார்கள். புதிய பெறுநர், வழக்கத்தை மீறிய தொகை, நடுவே ஓடிக்கொண்டிருக்கும் போன் அழைப்பு அல்லது திரைப் பகிர்வு, இவை ஒன்றுசேர்ந்தால் பணத்தைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்து, ரத்து செய்யும் பொத்தானைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும்.

வேகம் போய்விடும் என்று கூட்டங்களில் எதிர்ப்பு வரும். பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், இப்படி ஏமாற்றப்பட்டவர்களுக்கு 85,000 பவுண்டு வரை வங்கிகளே திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி. இழப்பு தன் கணக்கில் ஏறும்போது வங்கிக்கும் அந்தத் தாமதம் பெரிதாகத் தெரியாது.

நீங்கள் செயலியைப் பயன்படுத்துபவர் என்றால் இன்றே ஒன்று செய்யுங்கள். உங்கள் தினசரி அனுப்பும் வரம்பைத் தேவையான அளவுக்குக் குறையுங்கள். அப்புறம் அதை மறுபடி கூட்டிப் பாருங்கள். குறைப்பது உடனே நடந்து, கூட்டுவதற்கு ஒரு நாளாவது காத்திருக்கச் சொன்னால், அந்தச் செயலியை வடிவமைத்தவர் உங்களை நினைத்திருக்கிறார். கூட்டியதும் அந்த நொடியே ஏறிவிட்டால், உங்கள் வங்கிக்கு ஒரு புகார் எழுதுங்கள்.