கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி: இது எந்த செட்டில்மெண்ட்?

“ஒரு செட்டில்மெண்ட் போடணும் சார்” என்று வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, “எந்த செட்டில்மெண்ட்?” என்றுதான். சிலருக்கு எரிச்சல்கூட வரும். அவர்களைப் பொறுத்தவரை அது ஒரே சொல். ஆனால் ஒருவர் மகளுக்கு வீட்டை எழுதிவைக்க வந்திருப்பார், இன்னொருவர் வங்கிக் கடனைப் பேசிக் குறைத்து முடிக்க வந்திருப்பார், வேறொருவர் கையில் வேலையை விட்டபோது கம்பெனி நீட்டிய காகிதம் இருக்கும். விபத்து இழப்பீடு, விவாகரத்து, தொழிற்சங்கப் பேச்சுவார்த்தை, இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் செட்டில்மெண்ட் உண்டு. நேற்று வாங்கிய பங்கு இன்று டீமேட் கணக்கில் வந்து உட்காருவதும் செட்டில்மெண்ட்தான். கட்டடப் பொறியாளர் இந்தச் சொல்லைச் சொன்னால் மட்டும் வயிற்றில் புளியைக் கரைக்கும். அஸ்திவாரம் மண்ணுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். கல்யாண வீட்டில் “பையன் செட்டில் ஆயிட்டானா?” என்று கேட்கிறார்களே, அதற்குச் சட்டத்தில் விளக்கம் கிடையாது.

இத்தனை இடத்தில் புழங்கும் சொல் என்பதால் கேட்டதும் ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. ‘பிரச்சினை முடிஞ்சுது’ என்று படுகிறது. அந்த நிம்மதியில் போடும் கையெழுத்துதான் பிறகு எங்களிடம் வழக்காக வந்து சேருகிறது.

முதலில் பத்திரம். தமிழ்நாட்டில் செட்டில்மெண்ட் என்றாலே பெரும்பாலோர் நினைப்பது தான செட்டில்மெண்ட் பத்திரத்தைத்தான். அப்பா மகனுக்கு, அம்மா மகளுக்கு, அண்ணன் தங்கைக்கு எழுதிக்கொடுப்பது. பணம் கைமாறாது, ‘அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு’ என்று எழுதுவார்கள். குடும்பத்துக்குள் என்றால் செலவும் குறைவு. முத்திரைத்தீர்வை சொத்து மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம்தான், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலை வரை இந்த உச்சவரம்புகள் 25,000, 4,000 என்று இன்னும் குறைவாக இருந்தன. இந்தச் சலுகைக்குக் குடும்பம் யார் என்பதற்குச் சட்டத்திலேயே பட்டியல் இருக்கிறது. அதில் மருமகனும் மருமகளும் இல்லை. “மருமகள் பேருக்கே எழுதிடலாம்” என்று வருகிறவர்கள் கட்டணத்தைக் கேட்டுவிட்டு மகன் பேருக்கு மாறுவது வாடிக்கை.

செலவு குறைவு என்பதாலேயே உயிலுக்குப் பதில் செட்டில்மெண்ட் எழுதிவிடுகிறார்கள். இரண்டுக்கும் உள்ள தூரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்தும் போடலாம். செட்டில்மெண்ட் பதிவானதும், வாங்கியவர் ஏற்றுக்கொண்டதும், சொத்து கைமாறிவிட்டது. பழைய பாணிப் பத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ‘இன்று முதல் தாங்களே தானாதி விநியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது’ என்று இருக்கும். மணிப்பிரவாளம் மாதிரி தோன்றும் இந்த வரியின் அர்த்தம், இன்றைக்கே மகன் அந்த வீட்டை விற்கலாம் என்பது. அடுத்த வரி இன்னும் கறார்: ‘இந்த செட்டில்மெண்டைப் பின்னிட்டு எக்காரணத்தை முன்னிட்டும் ரத்து செய்யவோ மாற்றவோ எனக்கு அதிகாரமில்லை.’ பத்திர எழுத்தர் இதைச் சரளமாக வாசித்துவிட்டுப் போவார். எழுதிக்கொடுக்கிறவர் தலையாட்டிக்கொண்டிருப்பார்.

சில மாதம் கழித்து மனஸ்தாபம் வரும். “நான்தானே எழுதினேன், நானே கேன்சல் பண்ணிடறேன்” என்று வருவார்கள். முடியாது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 126ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட ஒன்று நடந்தால் ரத்தாகும் என்று இரு தரப்பும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டிருந்தால் அந்த வழி திறந்திருக்கும். அந்த ஒன்று கொடுத்தவரின் இஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது. மற்றபடி, ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்றால் சிவில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கொடுத்தவர் தனியாகச் சார்பதிவாளர் அலுவலகம் போய் ரத்துப் பத்திரம் பதிந்துவிட்டு வந்து நிம்மதியாக இருக்க வழியில்லை.

வயதானவர்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007. அதன் 23ஆம் பிரிவு, அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயது கடந்தவர் சொத்தை எழுதிக்கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்க வருவாய்க் கோட்டாட்சியர் முன் உள்ள தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருகிறது. இங்கே உயிர்நாடி ‘நிபந்தனையோடு’ என்ற சொல். நிபந்தனை இருந்தது என்பதைக் காட்டியாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், ‘அன்பும் பாசமும்’ என்று எழுதியிருப்பதற்குள்ளேயே பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று தீர்ப்பளித்தது. காற்று முதியவர்கள் பக்கம் வீசுகிறது, சந்தோஷம். ஆனால் தள்ளாத வயதில் ஒருவர் விசாரணைக்கு அலைந்து இதை வாங்குவதைவிட, பத்திரத்தில் இரண்டு வரி கூடுதலாக எழுதிக்கொள்வது எவ்வளவோ மேல்.

அந்த இரண்டு வரி என்ன? ஒன்று, ‘என் ஆயுட்காலம் வரை இந்த வீட்டில் வசிக்கவும் வாடகை பெறவும் எனக்கு உரிமை உண்டு’ என்பது. ஆயுள்கால உரிமையை வைத்துக்கொண்டே தானம் கொடுக்கலாம். அதனால் பத்திரம் செல்லாமல் போகாது என்று உச்ச நீதிமன்றமே 2014இல் சொல்லியிருக்கிறது. இரண்டாவது, உணவு, வைத்தியம், தங்குமிடம் தந்து பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும், தவறினால் என்ன ஆகும் என்பதும். இதைக் கேட்டதும் “பெத்த புள்ளைகிட்ட கண்டிஷன் போடறதா?” என்று கூசுகிறார்கள். நல்ல பிள்ளைக்கு அந்த வரியால் எந்த நஷ்டமும் இல்லையே! இன்னொன்று, ஆயுள்கால உரிமையை அப்பா தன் பேருக்கு மட்டும் எழுதிக்கொண்டு அம்மாவை மறந்துவிடுகிறார். அப்பா போன பிறகு, அம்மா சொந்த வீட்டிலேயே அனுமதியின் பேரில் இருப்பவராக ஆகிவிடுகிறார். இந்த மறதியை நான் அடிக்கடி பார்க்கிறேன். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதுவதால் வருவது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. மேலே செட்டில்மெண்ட் என்று தலைப்பு போட்டு, உள்ளே ‘என் காலத்துக்குப் பிறகு சொத்து உனக்குச் சேரும், அதுவரை எனக்கே சகல உரிமையும்’ என்று எழுதியிருப்பார்கள். நீதிமன்றம் தலைப்பைப் பார்ப்பதில்லை. இன்றே உரிமை போகிறதா, செத்த பிறகு போகிறதா என்பதைத்தான் பார்க்கும். செத்த பிறகுதான் என்றால் பதிவுசெய்து முத்திரைத்தீர்வை கட்டியிருந்தாலும் அது உயில். அப்பா அதை மாற்றி எழுதியிருந்தால் மகன் கையில் இருப்பது வெறும் காகிதம். வாசகம் இரண்டுங்கெட்டானாக இருந்துவிட்டால் அண்ணன் தம்பிகள் ஆண்டுக்கணக்கில் வாய்தா வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

‘குடும்ப செட்டில்மெண்ட்’ என்பது வேறு சரக்கு. பெரியவர்கள் உட்கார்ந்து, யாருக்கு எது என்று பேசி, இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டு வைப்பது. குடும்பச் சண்டையைத் தீர்க்க வாய்மொழியாக ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்பதைச் சட்டம் மதிக்கிறது. ஏற்கெனவே பேசி முடித்ததைப் பின்னால் நினைவுக்காகக் குறித்துவைத்தால் பதிவு தேவையில்லை. ஆனால் அந்தக் காகிதமே ஒருவருக்கு உரிமையைக் கொடுத்து இன்னொருவருடையதை எடுக்கிறது என்றால் பதிவு கட்டாயம். வித்தியாசம் பல சமயம் ஒரு வினைச்சொல்லில்தான் இருக்கும். ‘பிரித்துக்கொண்டோம்’ என்று எழுதியிருக்கிறதா, ‘இதன்மூலம் பிரித்துக்கொள்கிறோம்’ என்றா? இருபது ரூபாய் பத்திரத்தை நம்பி வீடு கட்டிவிட்டு, வங்கியில் கடன் கேட்கும்போது முழிப்பவர்கள் நிறைய. செலவானாலும் பாகப்பிரிவினைப் பத்திரமோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ முறையாகப் பதிந்துவிடுங்கள் என்பதுதான் என் பதில்.

ஜமீன் ஒழிப்புக் காலத்து செட்டில்மெண்ட் பட்டாவைப் பெட்டியிலிருந்து எடுத்து வருகிறவர்களும் உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜமீன் நிலங்களை அரசு எடுத்துக்கொண்டு, உழுதவர்களுக்கு, அரசுக்கே நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரிப் பட்டா கொடுத்த நடவடிக்கைக்கும் செட்டில்மெண்ட் என்றுதான் பெயர். தானத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் சொத்து யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று மூலம் தேடும்போது அது தங்கம். தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

இனி வங்கி. கடன் கட்ட முடியாமல் வாராக்கடனாகிவிட்டால், “ஓ.டி.எஸ். போட்டு முடிச்சுக்கலாம்” என்று வசூல் ஆட்களே போன் செய்வார்கள். பாக்கியைக் குறைத்துக் கணக்கை முடிக்கும் ‘ஒன் டைம் செட்டில்மெண்ட்’தான் அது. எட்டு லட்சம் பாக்கி, ஐந்து லட்சத்துக்கு முடித்துக்கொள்கிறோம் என்பார்கள். லாபம்தானே என்று தோன்றும். ஆனால் உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் அந்தக் கணக்குக்கு நேரே ‘குளோஸ்டு’ என்று வராது, ‘செட்டில்டு’ என்று வரும். முதலாவது, முழுதாகக் கட்டினார். இரண்டாவது, குறைத்துக் கட்டினார், வங்கிக்கு நஷ்டம். அடுத்த வங்கிக்காரர் இதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். இந்தக் குறிப்பு ஆண்டுக்கணக்கில் நிற்கும். சமரசத்தில் முடித்தவருக்கு அதே வங்கி புதுக் கடன் தரக் குறைந்தது 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2023 ஜூன் மாத வழிகாட்டுதல் சொல்கிறது. விவசாயக் கடனுக்கு மட்டும் விலக்கு. வேறு வழியே இல்லை என்றால் ஓ.டி.எஸ். நல்ல வழிதான், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். போனில் பேசியதை நம்பி மட்டும் பணம் கட்டாதீர்கள். தொகை, தேதி, அதன்பின் பாக்கி எதுவும் இல்லை என்ற உறுதி எல்லாம் வங்கியின் கடிதத்தில் வர வேண்டும். கட்டி முடித்த 30 நாளுக்குள் அடமானப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கி விதிதான். கேட்டு வாங்குங்கள்.

மக்கள் நீதிமன்றத்தில் முடிவது இன்னொரு வகை. விபத்து வழக்கில் இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு தொகை சொல்லும், நீங்கள் ஒன்று சொல்வீர்கள், நடுவில் ஒன்றில் ஒத்துவந்தால் அன்றே உத்தரவு. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்ப வரும். எனக்குப் பிடித்த முறை. ஆனால் அந்த உத்தரவு தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. காலில் வைத்த பிளேட்டை எடுக்க அடுத்த வருடம் ஆபரேஷன் இருக்கிறது என்றால், அந்தச் செலவும் இந்தத் தொகைக்குள்தான். டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்து பேரம் பேசுங்கள்.

விவாகரத்தில் மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு ‘இனி எந்தப் பாத்தியமும் இல்லை’ என்று எழுதும்போது, குழந்தையின் ஜீவனாம்சத்தையும் சேர்த்து விட்டுக்கொடுத்ததாக எழுதிவிடுகிறார்கள். குழந்தையின் உரிமையைத் தாய் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது. காவல் நிலையத்தில் வைத்து எழுதும் ‘செட்டில்மெண்ட்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொடுக்கல் வாங்கலில் மிரட்டி எழுதி வாங்கிய காகிதம் நீதிமன்றத்தில் நிற்காது. போக்சோ போன்ற குற்றங்களில் இரண்டு குடும்பமும் பேசிப் பணம் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. அப்படிப் பேச உட்கார்பவர்கள் தாங்களும் சிக்கலில் மாட்டிக்கொள்வார்கள்.

கடைசியாக வேலை. தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் ‘12(3) ஒப்பந்தம்’ என்று சொல்வது, தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் சமரசப் பேச்சில் போடும் செட்டில்மெண்ட். பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்ணே பேராகிவிட்டது; 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குத் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. கையெழுத்துப் போடாத சங்கத்தின் உறுப்பினரையும், நாளை வேலைக்குச் சேர்பவரையும்கூட அது கட்டுப்படுத்தும். நிர்வாகமும் ஒரு சங்கமும் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் 18(1) ஒப்பந்தத்துக்கு அந்த வலு கிடையாது. தனி ஆளுக்கு வருவது ‘ஃபுல் அண்ட் ஃபைனல்’. வேலையை விட்ட அன்று ஒரு தாளை நீட்டி, ‘எனக்குச் சேர வேண்டியது அனைத்தும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துக் கேட்பார்கள். பாக்கிச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான பணம், பிடித்தம், கிராஜுவிட்டி எல்லாம் தனித்தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படியான கிராஜுவிட்டியை ஒரு கையெழுத்தால் பறிக்க முடியாது, ஆனால் அந்தக் கையெழுத்தைக் காட்டி இழுத்தடிக்க முடியும். கணக்கில் சந்தேகம் இருந்து, பணமும் அன்றே தேவை என்றால், கையெழுத்துக்கு மேலே ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று உங்கள் கையாலேயே எழுதி, தேதி போட்டு, தாளைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத விட மாட்டேன் என்கிறார்களா? அன்று மாலையே அதே விஷயத்தை மின்னஞ்சலில் மனிதவளத் துறைக்கு அனுப்பிவிடுங்கள்.