பெயர் கேட்காத கேள்வித்தாள் எப்படி உண்மை சொல்கிறது?

ஆசிரியை ஒருவர் கேட்டு எழுதியிருந்தார்: “நார்வேயில் எட்டாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளிடம் மனச்சோர்வு, புகையிலை, குடி பற்றியெல்லாம் பெயர் இல்லாமல் சர்வே எடுக்கிறார்கள். வருங்கால அப்பா அம்மாக்களின் உடல்நலத்தை இப்போதே கண்காணிக்க அது உதவும் என்கிறார்கள். பெயரே போடாதபோது பிள்ளைகள் இஷ்டத்துக்கு எழுதமாட்டார்களா?”

நல்ல கேள்வி. இவ்வளவு முன்னாலேயே ஏன் கேட்க வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகும் நரம்புக்குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போனதை உறுதிசெய்து மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்கு வேண்டிய ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் முன்பே உடலில் இருந்தாக வேண்டும். ஆணுக்கும் இதில் பங்கு உண்டு, ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் பிடிக்கிறது. ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2022 அறிக்கைப்படி உலகில் ஏறக்குறைய பாதிக் கர்ப்பங்கள் திட்டமிடாதவை. ஆகவே ‘குழந்தை பெற முடிவு செய்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வழி பாதிப் பேருக்குக் கிடையாது.

கிரகணத்தன்று கர்ப்பிணியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தும் பழக்கம் இன்னும் போகவில்லை. வெளியே வந்தால் குழந்தைக்கு உதடு பிளந்துவிடுமாம். மேல் உதடு ஒட்டிக்கொள்வது கருவின் ஆறாம், ஏழாம் வாரத்தில். ஐந்தாம் மாதத்தில் வரும் கிரகணம் அதை என்ன செய்துவிடும்? உதட்டுப் பிளவுக்கான வாய்ப்பைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டுவது தாயின் புகைபிடித்தலை. அந்தப் பழக்கம் பெரும்பாலும் தொற்றிக்கொள்வது பள்ளி வயதில்.

சரி, சர்வேக்கு வருவோம். இதில் இரண்டு வகை உண்டு. இரண்டும் சேரும்போதுதான் கணக்கு முழுமையாகிறது.

முதல் வகை, ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1992இல் பள்ளிப் பிள்ளைகளிடம் தொடங்கிய ஆய்வு அப்படிப்பட்டது. 1943 பேர் அதில் பங்கெடுத்தார்கள். அவர்கள் வளர்ந்து பெற்றோராகும்போதும் ஆய்வாளர்கள் விடவில்லை. ஆய்வை நடத்திய ஜார்ஜ் பேட்டன் குழு 2015இல் வெளியிட்ட முடிவு இது: இளமையில் நீடித்த மனநலச் சிக்கல் இருந்த பெண்களில், கர்ப்பகாலத்திலோ பிரசவத்துக்குப் பின்போ மனச்சோர்வு அறிகுறிகள் வந்தது 34 சதவீதம். முன்பு அப்படி எதுவும் இல்லாதவர்களில் 8 சதவீதம். பிரசவம் முடிந்த பிறகு ‘இவளுக்கு என்ன ஆச்சு’ என்று குடும்பம் திகைக்கிறதே, அந்தத் துயரத்தின் வேர் பல நேரம் பத்தாம் வகுப்பில் இருக்கிறது.

இந்த வகை ஆய்வு சொல்வது எது எதற்கு இட்டுச்செல்லும் என்பதை. நம் ஊரில் அப்படி எத்தனை பேர் என்பதை அது சொல்லாது. அதற்குத்தான் இரண்டாவது வகை. ஆசிரியை சொன்ன நார்வே சர்வேயின் பெயர் ‘உங்டாட்டா’, அது 2010 முதல் நடக்கிறது. ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் பள்ளிகளில் நடத்திக்கொள்ளலாம். பிள்ளைகள் ஒரு பாடவேளையில் கணினியில் பதில் சொல்வார்கள். கர்ப்பத்துக்காக உருவாக்கிய சர்வே அல்ல அது. பெற்றோர், நண்பர்கள், பள்ளி, பொழுதுபோக்கு, உடல்நலம், போதை என்று வாழ்க்கை முழுவதையும் கேட்கிறது. ஆனால் அதில் வரும் மனச்சோர்வும் மதுவும் ‘ஸ்னூஸ்’ என்ற புகையிலையும் பிற்காலக் கர்ப்பத்தைத் தொடுபவை. ஸ்னூஸ் என்பது உதட்டுக்கு உள்ளே ஒதுக்கிக்கொள்வது, நம்மூர்ப் பள்ளி வாசல்வரை வந்துவிட்ட கூல் லிப் மாதிரி.

இனி, இஷ்டத்துக்கு எழுதுபவர்கள். ஐரோப்பியப் பள்ளிகளில் 1995 முதல் நடக்கும் போதைப்பொருள் சர்வேயில் ஓர் அருமையான உத்தி உண்டு. உண்மையான போதைப்பொருள்களின் பட்டியலுக்கு நடுவே ‘ரெலெவின்’ என்று ஒரு பெயரையும் சேர்த்தார்கள். அப்படி ஒரு பொருளே கிடையாது. ‘எடுத்திருக்கிறேன்’ என்று டிக் செய்பவர் விளையாடுகிறார் என்று தெரிந்துவிடும். அப்படிச் செய்பவர்கள் மிகச் சொற்பம். ‘குடித்ததே இல்லை’ என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தில் ‘போன வாரம் போதையானேன்’ என்பவரையும் இதேபோல் பிடிக்கலாம். பெயர் கேட்காததே பெரிய பாதுகாப்பு. யாரும் தன்னைக் கண்டுபிடிக்க முடியாது என்று நம்பும் பிள்ளைக்கு மறைக்கக் காரணம் இல்லை.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். எல்லோரும் சத்தியமாகவே பதில் சொன்னாலும் சின்ன ஊரின் எண் நம்மை ஏமாற்றும். நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழு தலை விழுவது சாதாரணம், ஆயிரம் முறை சுண்டினால் எழுநூறு விழவே விழாது. ஒரு மாவட்டத்தில் பெண் பிள்ளைகள் 10 சதவீதம் பேர் ஸ்னூஸ் பழகுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 50 பெண்கள் படிக்கும் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் 5 பேர் இருக்க வேண்டும். ஆனால் தற்செயலாகவே அது ஓர் ஆண்டு 2 ஆகவும் இன்னோர் ஆண்டு 9 ஆகவும் ஆகலாம். 4 சதவீதம், அப்புறம் 18 சதவீதம்! ஊர் கெட்டுவிட்டது என்று அலறுவார்கள். உண்மையில் ஒன்றுமே மாறியிருக்காது. 5000 பேரைக் கேட்டால் அதே எண் 9க்கும் 11க்கும் நடுவில் அடங்கிவிடும்.

இதற்குப் புள்ளியியலாளர்கள் செய்வது அழகான ஒன்று. சிற்றூரின் எண்ணை அப்படியே நம்பாமல், தூக்கியும் எறியாமல், மாவட்டச் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழுப்பார்கள். பதில் சொன்னவர்கள் குறைவாக இருந்தால் அதிகம் இழுப்பார்கள், நிறைய இருந்தால் மெல்ல இழுப்பார்கள். நம் ஊரின் 18, இழுத்த பிறகு 13, 14 என்று நிற்கலாம். அடுத்த சர்வேயிலும் அடுத்ததிலும் அது இறங்காவிட்டால் அப்போது அது தற்செயல் அல்ல. பக்கத்து ஊர்களிடமும் முந்தைய ஆண்டுகளிடமும் தகவலைக் கடன் வாங்குவதால், தனியாக நின்றால் பேச முடியாத ஊரும் பேசுகிறது. யாருடைய பெயரும் தெரியாமல், யாரையும் பின்தொடராமல் இவ்வளவும் கிடைக்கிறது.

நம் நாட்டு நிலைமை? தேசியக் குடும்பநல ஆய்வு பெண்களைக் கேட்பது 15 வயதிலிருந்துதான். எண்கள் மாவட்ட அளவோடு நின்றுவிடும், ஊராட்சி ஒன்றியத்துக்குக் கிடைக்காது. அதன் ஐந்தாம் சுற்றில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2016-18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்விலோ 10 முதல் 19 வயதுப் பெண்களில் 40 சதவீதம். வயது வரம்பு வேறு என்பது மட்டும் காரணமல்ல. முன்னது விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தம், பின்னது ஊசியால் ரத்த நாளத்திலிருந்து எடுத்தது. விரலை அழுத்திப் பிழியும்போது திசுநீர் கலந்து அளவு பிசகலாம்.

ரத்தசோகையைக் கேள்வித்தாள் காட்டாது. மனச்சோர்வையும் கூல் லிப்பையும் ரத்தப் பரிசோதனை காட்டாது. எட்டாம் வகுப்பிலேயே தொடங்கி, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு ஒன்றியத்திலும் பெயரில்லாக் கேள்வித்தாள், கூடவே சில பள்ளிகளில் நாளத்து ரத்தம் என்று நடத்த அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. பெண் பிள்ளைகளை மட்டும் ‘வருங்காலத் தாய்’ என்று நிறுத்திவைத்து அளக்கும் சர்வேயாக அது ஆகிவிடக் கூடாது. பையன்களிடமும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். பதினாலு வயதுப் பெண்ணின் ரத்தசோகை, அவள் பிள்ளை பெறாமலே இருந்தாலும், இன்றைக்கே அவளை வகுப்பில் சோர்ந்து உட்கார வைக்கிறது.