சோல்: ‘செவ்வாய் நாள்’ அல்ல, செந்நாள்

செவ்வாய்க் கோளில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தி அனுப்பும் படங்களின் கோப்புப் பெயரை விளக்கும் தமிழ்க் காணொளி ஒன்றில், பெயரின் நடுவே இருந்த 0100 என்ற எண்ணைச் சுட்டிக்காட்டி, “இது நூறாவது செவ்வாய் நாளில் எடுத்த படம்” என்றார்கள். ‘சோல்’ என்ற சொல்லுக்கு இப்பெயர்ப்பை நான் கேட்பது முதன்முறையன்று. கட்டுரைகளிலும் செய்திகளிலும் பலமுறை கண்டு பொறுத்திருந்தேன். இனியும் பொறுப்பதற்கில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த எண் குறிப்பது ‘சோல்’ என்னும் அளவை. சோல் என்றால் இலத்தீனில் சூரியன். செவ்வாய்க் கோளில் ஒரு நண்பகலுக்கும் மறு நண்பகலுக்கும் இடைப்பட்ட காலம் 24 மணி 39 நிமிடம் 35 நொடி. அதைப் புவியின் நாளோடு குழப்பாதிருக்க, 1976இல் தரையிறங்கிய வைக்கிங் கலங்களை நடத்தியவர்கள் இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பின்வந்த ஊர்திக் குழுவினர் ‘இன்றைக்கு’ என்பதை ‘டுசோல்’ என்றும், ‘நேற்று’ என்பதை ‘யெஸ்டர்சோல்’ என்றும் பேசும் அளவுக்கு அது ஊறிவிட்டது.

கோப்புப் பெயரில் இதன் இடத்தைப் பார்த்தால்தான் சொல்லின் எடை புரியும். பெர்சிவியரன்ஸின் பெயர்களில் முதல் இரண்டு எழுத்துகள் கேமராவைச் சொல்லும்: ‘என்எல்’ என்றால் வழிகாண் கேமராவின் இடக்கண், ‘இசட்ஆர்’ என்றால் மாஸ்ட்கேம்-இசட் என்னும் கம்பக் கேமராவின் வலக்கண். மூன்றாம் எழுத்து நிறத்துக்கானது. அடுத்த நான்கு இலக்கங்கள் சோல். அதன்பின் பத்து இலக்கங்களில் ஊர்திக் கடிகாரம், 2000 ஜனவரி 1 நண்பகலை ஒட்டிய கணத்திலிருந்து எண்ணிவரும் நொடிகளாக நிற்கும். பிறகு படத்தின் வகை, ஊர்தி நின்ற இடத்துக்கான எண்கள், கட்டளைத் தொடரின் குறி, கடைசியில் பதிப்பு எண். முந்தைய ஊர்தியான கியூரியாசிட்டியின் மாஸ்ட்கேம் படங்களில் பெயர் தொடங்குவதே சோல் எண்ணில்தான். 2004இல் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஆகிய ஊர்திகளின் கோப்புப் பெயர்களிலோ சோல் கிடையாது. ஒன்பது இலக்கக் கடிகார எண்ணிலிருந்து நாமே அதைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே சோலும் நொடியும் கைகோத்து நிற்கும் இடம் இது. அடுத்தடுத்த இரண்டு சோல்களில் ஒரே உள்ளூர் நேரத்தில் எடுத்த படங்களின் கடிகார எண்களைக் கழித்தால் ஏறக்குறைய 88,775 வரும். சோல் என்பதை வெறும் ‘நாள்’ என்று படித்தவர் 86,400 வரும் என்று எதிர்பார்த்து, தம் கணக்கில் பிழை தேடிக்கொண்டிருப்பார். பிழை அவருடையதன்று; பெயர்த்தவருடையது.

இந்த வேறுபாடு சிறிதென்று தள்ளிவிடவும் முடியாது. ஆப்பர்சூனிட்டி 2004 ஜனவரி 25இல் இறங்கியது. அதன் கடைசிச் செய்தி 5111ஆம் சோலில் வந்தது. 5111 நாள் என்று எண்ணிப் பார்ப்பவர் 2018 ஜனவரி 21இல் போய் நிற்பார். உண்மையில் அச்செய்தி வந்த நாள் 2018 ஜூன் 10. கோளைச் சூழ்ந்த புழுதிப் புயல் ஊர்தியின் சூரியத் தகடுகளுக்கு வரும் ஒளியை மறைத்த நேரம் அது. ஜனவரியில் அப்படி ஒரு புயலே இல்லை. ஒரு சொல் தவறியதில் நூற்று நாற்பது நாள்கள் தவறுகின்றன. நிகழ்ச்சியின் காரணமும் அவற்றோடு தவறிப்போகிறது.

அதனால்தானே ‘செவ்வாய்’ என்ற அடையைச் சேர்த்தோம் என்பார்கள். சேர்த்த அடையே கேடாயிற்று என்பதுதான் என் வாதம். தமிழில் செவ்வாய் என்பது கோளுக்கு மட்டுமன்றிக் கிழமைக்கும் பெயர். ‘செவ்வாய் வெறுவாய்’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லும்போது கிழமை என்ற சொல்லே வருவதில்லை. ஆயினும் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. ‘நாள்’ பக்கத்தில் வந்துவிட்டால் கிழமைப் பொருள் இன்னும் உறுதிப்படுகிறது. ‘செவ்வாய் நாளில் எடுத்த படம்’ என்ற தொடரை, முன்பின் தெரியாத ஒரு மாணவர் செவ்வாய்க்கிழமை எடுத்த படம் என்றே கொள்வார். ‘செவ்வாய்க் கோள் நாள்’ என்று எழுதினால் தீரும் என்று சிலர் சொல்வது உண்மையே. ஆனால் ஒரு பக்கத்தில் இருபது முறை வரவேண்டிய அளவுப் பெயரை எவரும் அவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டார். மூன்றாம் வரியிலேயே ‘கோள்’ உதிர்ந்துவிடுகிறது.

இலத்தீன் மூலத்தைப் பின்பற்றி ‘ஞாயிறு’ என்று வைக்கலாம் என்போருக்கும் அதே விடைதான்: அதுவும் கிழமை. ‘சூரிய நாள்’ என்பது எந்தக் கோளுக்கும் பொருந்தும் பொதுப்பெயர். புவியின் 24 மணி நேரமும் சூரிய நாளே.

நான் முதலில் விரும்பிய சொல் ‘எல்’. சூரியனையும் பகலையும் ஒருங்கே குறிக்கும் பழஞ்சொல் அது. நெய்தலுக்குரிய சிறுபொழுதான ‘எற்பாடு’ என்பதில் எல் படுதல், அதாவது சூரியன் சாய்தல், இன்றும் நிற்கிறது. சூரியனின் பெயரே காலத்தின் பெயரும் ஆவது இலத்தீன் சொல்லோடு அப்படியே பொருந்துகிறது. ஆனால் கோப்புப் பெயரை விளக்க உட்கார்ந்தபோது அது உடைந்தது. இடக்கண் கேமராவைக் குறிக்கும் ஆங்கில எழுத்தின் ஒலியும் ‘எல்’தான். ஒரே வாக்கியத்தில் இரண்டு எல்களை எழுதி வாசகரைத் தடுமாறவிடுவதைவிட, அழகான சொல்லை விட்டுக்கொடுப்பது மேல் என்று முடிவு செய்தேன். தூய்மையும் தெளிவும் மோதினால் அறிவியல் எழுத்தில் தெளிவே வெல்ல வேண்டும்.

எனவே நான் பரிந்துரைப்பது ‘செந்நாள்’. செவ்வாய் என்ற பெயருக்கு வேரான செம்மையே இதிலும் இருக்கிறது. கிழமையின் சாயல் இல்லை. நாள் போன்றதோர் அளவு, ஆனால் நம் நாள் அல்ல என்பதும் உடனே விளங்குகிறது. சூரியன் இச்சொல்லில் இல்லையே என்ற குறை உண்மைதான். ஆனால் சோல் என்று சொல்லும்போது ஊர்திக் குழுவினரும் சூரியனை எண்ணிக்கொண்டு சொல்வதில்லை.

இப்படிப்பட்ட பிழைகளுக்கெல்லாம் வேர் ஒன்றே: அகராதியின் முதல் பொருளை எடுத்து வைத்துவிட்டு, அது எந்த இடத்தில் உட்காரப்போகிறது என்று பாராதிருத்தல். பதப்படுத்தாத படத்தைப் ‘பச்சைப் படம்’ என்று எழுதுவதும் இவ்வகையே. பச்சைக் காய்கறிக்குப் பொருந்துவது இங்கே பொருந்தாது. சிவப்பு, பச்சை, நீலம் என்று நிற வடிகட்டிகள் வழியே தனித்தனியாக எடுத்த படங்கள் அடுக்கியிருக்கும் தொகுப்பில் ‘பச்சைப் படம்’ என்றால் வாசகர் எதைத் திறப்பார்? ‘மூலப்படம்’ என்ற நல்ல சொல் கையிலேயே இருக்கிறது.

செந்நாளை எழுதும் முறையிலும் ஒரு கவனம் வேண்டும். ஸ்பிரிட்டும் ஆப்பர்சூனிட்டியும் தரையிறங்கிய செந்நாளை 1 என்று எண்ணின. கியூரியாசிட்டியும் பெர்சிவியரன்ஸும் 0 என்று எண்ணுகின்றன. ஆகவே பெர்சிவியரன்ஸின் கோப்பில் 0100 என்று இருந்தால் அது நூறாவதன்று, நூற்றொன்றாவது. அதை ‘செந்நாள் 100’ என்று, கோப்பில் உள்ள எண்ணையே பின்னால் வைத்து எழுத வேண்டும்.